கழுத்துப்பட்டைச் செவிப்பொறி: வாங்கும்முன் சில எண்ணங்கள்



வழக்கமாக இங்கே இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியுமே பேசப்படும். இன்றைய பொருள் சற்று மாறுபட்டது. கடந்த சில மாதங்களில் ஒரே வினாவை மூவர் என்னிடம் கேட்டனர். மருத்துவர் அறிவுரைப்படி நடக்கத் தொடங்கிய சக ஆசிரியை ஒருவர், ஆறாம் ஆண்டு மாணவனின் தந்தை ஒருவர், பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர். "நடக்கும்போதும் வீட்டிலும் கேட்பதற்குக் கழுத்தில் மாட்டும் இயர்போன் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?" என்பதே அவ்வினா. மூவருக்கும் தனித்தனியே விளக்குவதைவிட ஒரே கட்டுரையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இவ்வினா எனக்கும் பொதுவான ஒன்றாக இல்லை. சென்ற ஆண்டு உடற்பரிசோதனையோடு செவிப்புலன் சோதனையும் செய்துகொண்டேன். இடக்காதில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள் சற்றே மங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். அகவையும் நெடுங்கால வகுப்பறை இரைச்சலும் காரணமாகலாம் என்றார். உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதே ஒரே வழி. தமிழாசிரியனுக்குச் செவி என்பது தச்சனுக்கு உளி போன்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளை 'பள்ளி' என்றதா 'பல்லி' என்றதா, 'மணம்' என்றதா 'மனம்' என்றதா என்று பிரித்தறிய இயலாத ஆசிரியன் எதைத் திருத்துவான்? ஆகவே, எந்தச் செவிப்பொறியை வாங்குவது என்பதோடு, எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியவனானேன்.

பெயரும் வரலாறும்

கடையில் 'நெக்பேண்ட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நான் இங்கே 'கழுத்துப்பட்டை' என்றே எழுதுகிறேன். கழுத்தைச் சுற்றி ஒரு வளைந்த பட்டை, அதன் இரு முனைகளிலிருந்து காதுக்குச் செல்லும் குட்டையான இரு கம்பிகள், கைத்தொலைபேசியோடு புளூடூத் இணைப்பு. இவ்வளவுதான் அதன் உருவம்.

காதில் வைத்துக் கேட்கும் கருவி புதிதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910-இல் தம் வீட்டுச் சமையலறையில் செய்த செவிப்பொறிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிப் பயன்படுத்தியது. 1979 ஜூலையில் சோனி நிறுவனம் 'வாக்மேன்' கருவியை வெளியிட்டபின் நடந்துகொண்டே பாட்டுக் கேட்பது உலக வழக்கமாயிற்று. அந்த முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகளும், பாட்டை அடக்கிவிட்டு இருவரும் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தன என்பது பலர் அறியாத செய்தி. கம்பியில்லா இணைப்பான புளூடூத், 1994-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் கருக்கொண்டது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க்கு மன்னன் ஹெரால்டின் பட்டப்பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கழுத்துப்பட்டை வடிவத்தை 2010-களின் தொடக்கத்தில் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம் 'டோன்' என்னும் வரிசையில் பரவலாக்கியது. பின்னர் 2016-இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'ஏர்பாட்ஸ்' வந்தபோது, கம்பியே இல்லாத தனித்தனி மொட்டுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

நம் பினாங்குக்கும் இத்துறை அந்நியமன்று. 1972-இல் பாயான் லெப்பாசு தடையற்ற வாணிப வட்டாரத்தில் முதலில் தொழிற்சாலை அமைத்த எட்டு நிறுவனங்களுள், வாகன ஒலிக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் கிளாரியனும் ஒன்று. மின்னணுப் பொருளைச் செய்து உலகுக்கு அனுப்பும் ஊரில் வாழும் நாம், அதை ஆய்ந்து வாங்கவும் கற்றிருக்க வேண்டாமா?

ஏன் கழுத்துப்பட்டை?

தனிமொட்டு அழகானது, கைக்கு அடக்கமானது. ஆனால், மெதுவோட்டத்தில் அது நழுவினால் நேரே சாலையோரச் சாக்கடைக்குத்தான் போகும். ஒன்று தொலைந்தால் மற்றொன்றால் பெரும்பயன் இல்லை. கழுத்துப்பட்டையோ நழுவினாலும் நெஞ்சில் தொங்கும். பட்டையில் பெரிய மின்கலத்திற்கு இடமிருப்பதால், தனிமொட்டு ஒரு மின்னேற்றத்தில் ஐந்தாறு மணி நேரம் உழைத்தால் இது பதினைந்து, இருபது மணி நேரம் உழைக்கும். மேலும், இதில் அழுத்தினால் அமுங்கும் உண்மையான பொத்தான்கள் உண்டு. வியர்த்த விரலுக்குத் தொடுதிரையைவிடப் பொத்தானே கீழ்ப்படியும். விலையும் குறைவு.

குறைகளும் உள. ஓடும்போது பட்டை கழுத்தில் துள்ளும். தலையைத் திருப்பினால் கம்பி காதை இழுக்கும். சட்டைக் கழுத்தில் கம்பி உரசும் ஓசை காதுக்குள் கேட்கும். நீண்ட கூந்தல் உடையோர்க்குச் சிக்கல் என்பது சிக்கலாகவே அமையும். ஆகவே, வேகமாக ஓடுவோர்க்கு இது முதல் தேர்வன்று. நடப்போர்க்கும், வீட்டு வேலையோடு கேட்போர்க்கும், அடிக்கடி அழைப்பு ஏற்போர்க்கும் மிகப் பொருந்தும்.

வியர்வையும் மழையும்

நம் ஊரில் காலை ஏழு மணிக்கு நடந்தாலும் சட்டை நனைந்துவிடும். எனவே, முதலில் பார்க்க வேண்டியது நீர்காப்புத் தரம். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். 4 எனில் எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 எனில் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 எனில் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் தாங்கும். 'எக்ஸ்' என்பது தூசிக்கான சோதனைத் தரம் குறிக்கப்படவில்லை என்பதன் அடையாளம். அதை ஏதோ சிறப்புப் பட்டம் என்று எண்ணிவிட வேண்டா.

நடைக்கு 4 போதும். திடீர் மழைக்கும் சேர்த்து 5 இருந்தால் நிறைவு. ஆனால், ஒன்றை மறக்கலாகாது. இச்சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை. வியர்வையில் உப்பு உண்டு. உப்பு உலோகத்தை அரிக்கும். நடந்து முடித்தவுடன் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் மின்னேற்ற வேண்டும். ஈரமான துளையில் மின்கம்பியைச் செருகுவதே இக்கருவிகளின் ஆயுளைக் குறைக்கும் வழக்கம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்வதும் அவ்வாறே. வெப்பம் லித்தியம் மின்கலத்தின் பகை.

காதுக்கு ஏற்ற மூடி

ஒரே கருவி ஒருவருக்கு இனிமையாகவும் மற்றவருக்குத் தகரம் தட்டுவது போலவும் ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கருவியன்று, காதுமூடியே. சிலிக்கோன் மூடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் பெட்டியிலேயே கிடைக்கும். மூடி காதுத்துளையை நிறைவாக அடைக்காவிட்டால் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். உடனே நாம் ஒலியைக் கூட்டுவோம். பொருந்தாத மூடி இவ்வாறு செவிக்கும் கேடாகிறது. இரு காதுகளுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்ற உறுதியும் இல்லை. எனக்கு வலப்பக்கம் நடுத்தரமும் இடப்பக்கம் பெரிதும் பொருந்துகின்றன.

முழுதும் அடைத்தால் வேறொரு தொல்லை. எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் மண்டைக்குள் 'தொம் தொம்' என்று அதிரும். அதனால் நடைக்கு மட்டும் வேண்டுவோர், துளையை முழுதும் அடைக்காத பாதித்திறப்பு வகையை எண்ணிப் பார்க்கலாம்.

தூய்மையும் முதன்மையானது. ஈரமும் வெப்பமும் நிறைந்த காதுத்துளை கிருமிக்கு உகந்த இடம். மூடிகளை வாரம் ஒருமுறை கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துங்கள். பிறரோடு பகிராதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நடைப்பயிற்சியைத் தொடங்குவோரில் பலர் அவர்களே. நீரிழிவுடையோர்க்குக் காதில் வரும் தொற்று கடுமையாகக்கூடும் என்பதால், காதில் வலியோ நீரோ கண்டால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்பதே அறிவுடைமை.

பெட்டி சொல்வதும் சொல்லாததும்

பெட்டிமேல் அச்சிட்டவற்றுள் பல நம்மை மயக்குவன. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் காணப்படும். அதனால் ஒன்றும் தெரியவராது. ஒலியெழுப்பி எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அவ்வாறே; பெரியது நன்று என்னும் விதி இல்லை.

மிகப் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 'ஏஎன்சி' என்றால் சுற்றுப்புற இரைச்சலை நம் காதுக்கு அடக்குவது. 'இஎன்சி' என்றால் அழைப்பின்போது நம் ஒலிவாங்கியில் சேரும் இரைச்சலை எதிர்முனையில் இருப்பவருக்குக் குறைப்பது. இரண்டாவது இருந்தால் நமக்குப் பேருந்து இரைச்சல் குறையாது. ஓர் எழுத்து மாற்றத்தில் பொருள் மாறுவது தமிழில் மட்டும் இல்லை போலும்!

அடுத்து, ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. 'எஸ்பிசி' எல்லாக் கருவிகளிலும் உண்டு. ஐபோன் வைத்திருப்போர் 'ஏஏசி' உள்ளதைப் பார்த்து வாங்கலாம். செய்தியும் சொற்பொழிவும் பழம்பாடல்களும் கேட்பதற்கு இவையே போதும். உயர்முறைகளுக்கு மேல்விலை தர வேண்டியதில்லை. பாட்டு நன்றாக ஒலிக்கும் கருவி அழைப்பு வந்தவுடன் பழைய தொலைபேசிபோல் ஒலிக்கிறதே என்று சிலர் குறைகூறுவர். அது பழுதன்று. ஒலிவாங்கி இயங்கும்போது புளூடூத் வேறொரு குறுகிய வழிக்கு மாறுகிறது. இயங்கலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

சாலையில் திறந்த செவி

தண்ணீர்மலை அடிவாரத்தில், 1884-இல் உருவான தாவரவியல் பூங்காவிற்குள் வாகன அச்சமின்றி நடக்கலாம். ஆனால், அங்கே போய்ச் சேரும் சாலையில் காலை நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் பின்னாலிருந்து வரும். கண்ணுக்கு முன்பக்கம் மட்டுமே. காதுக்கோ எல்லாப் பக்கமும். அதை அடைத்துக்கொண்டு சாலையில் நடப்பது பின்பக்கத்தைத் தெய்வத்திடம் ஒப்படைப்பதாகும். சாலையோரம் நடக்கையில் இரைச்சல் அடக்கியை அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் மெல்லிய ஒலியில் கேளுங்கள். கடக்கும்போது இரண்டையும் கழற்றுங்கள். கழுத்துப்பட்டையின் நற்குணம் இங்கேதான் விளங்கும். கழற்றியதை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. முனைகளில் காந்தம் இருந்தால் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பூங்காவிற்குள் வேறோர் எச்சரிக்கை. அங்குள்ள குரங்குகளுக்குத் தொங்கும் பொருள்மீது தனி ஆர்வம். பட்டையைக் காற்சட்டைப் பையில் பாதி தொங்கவிட்டு நடக்காதீர்கள்.

காதை அடைக்காமல் கன்ன எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. சாலைக்கு அவை ஏற்றவை. எனினும், அவை செவியைக் காக்கும் என்று எண்ணுவது தவறு. எவ்வழியில் சென்றாலும் ஒலி போய்ச் சேரும் இடம் அதே உட்செவிதான்.

எவ்வளவு ஒலி? எவ்வளவு நேரம்?

இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்போர் இதனைப் படிக்க வேண்டுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018-இல் பாதுகாப்பாகக் கேட்பதற்கு ஓர் அளவை வகுத்தன. பெரியோர்க்கு வாரத்திற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம். பிள்ளைகளுக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரம். டெசிபெல் என்பது கூட்டல் கணக்கன்று. மூன்று கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். எனவே, கேட்கத்தக்க நேரம் பாதியாகும். பெரியோர்க்கு 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி, 92-இல் இரண்டரை மணி. 95-ஐத் தொட்டால் வாரம் முழுமைக்கும் ஒன்றேகால் மணி நேரந்தான். நாள்தோறும் அரைமணி நடப்பவர் இரண்டரை நாளில் வாரக் கணக்கை முடித்துவிடுவார். ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் இதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கைத்தொலைபேசிகள் பலவற்றில் ஒலி எல்லை மீறும்போது எச்சரிக்கும் வசதி உண்டு. அதை அணைத்துவிடாதீர்கள். கருவியில்லாமலும் அறியலாம். ஒலியளவை அறுபது விழுக்காட்டுக்குள் வையுங்கள். கைநீளத் தொலைவில் இருப்பவர் இயல்பாகப் பேசுவது உங்களுக்குக் கேட்க வேண்டும். கழற்றியபின் காதில் 'ஙொய்' என்ற ஓசை நின்றால் எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

சத்தம் மிகுந்த இடத்தில்தான் நாம் அறியாமலே ஒலியைக் கூட்டுகிறோம். ஆகவே, பேருந்தில் இரைச்சல் அடக்கி உண்மையில் பயன்படும். சாலையில் அதுவே ஆபத்து. ஒரே வசதி இடத்திற்கேற்ப நன்றும் தீதும் ஆகிறது.

பிள்ளைகளுக்கு வாங்கலாமா?

பெற்றோர் கேட்கும் வினா இது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் செவிக்குறைபாட்டு அபாயத்தில் உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரைச்சலால் வரும் குறைபாடு முதலில் உயர்ந்த சுருதிகளையே தின்னும். உயிரொலிகள் வலியவை, மெய்யொலிகளுள் பல மெலியவை. கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்ற நிலையே முதலில் வரும். பிள்ளை பாடத்தில் கவனமில்லை என்று நாம் கடிந்துகொள்வோம். உண்மையில் அவனுக்குச் சொல்லின் ஓரம் தேய்ந்திருக்கும்.

ஆகவே, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குச் சொந்தமாகக் கழுத்துப்பட்டை வேண்டா என்பதே என் கருத்து. வீட்டில் பாடங்கேட்க ஒலிபெருக்கி போதும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், ஒலியெல்லையைக் கைத்தொலைபேசியில் நீங்களே அமைத்துக் கொடுங்கள். 'பிள்ளைகளுக்கானது, 85 டெசிபெல்' என்று எழுதிய கருவியும் முன்சொன்ன 75-ஐவிடப் பத்து மிகுதி என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது?

இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும். காதில் வைத்துப் பார்க்க இயலாது. பேரங்காடிக் கடையில் வைத்துப் பார்க்கலாம். விலை சற்றுக் கூடும். எங்கே வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, இந்நாட்டில் விற்கும் கம்பியில்லாக் கருவிகளுக்கு உரிய சிரிம் சான்று முத்திரை. இரண்டு, உத்தரவாதம் இந்நாட்டில் செல்லுமா என்பது. மூன்று, பற்றுச்சீட்டு. எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் கருவி ஐந்தாம் மாதத்தில் ஒருபக்கம் ஊமையானது. பற்றுச்சீட்டு இருந்ததால்தான் கடைக்காரர் மாற்றித் தந்தார்.

மறுத்தால் வழியில்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். 1969-இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழில் எடுத்துச் சொன்னாலும் கேட்பார்கள்.

நிறைவாக

நான் தேர்ந்தது நூறு வெள்ளிக்கும் குறைந்த ஒரு கழுத்துப்பட்டை. நீர்காப்பு 5, பொத்தான், காந்தமுனை, மூன்று அளவு மூடிகள். இரைச்சல் அடக்கி இல்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. காலையில் நடக்கும்போது மின்னல் பண்பலைச் செய்தி. மாலையில் மாணவர்கள் வாட்சாப்பில் அனுப்பும் வாசிப்புப் பயிற்சி ஒலிப்பதிவுகள். முன்பு கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அவற்றைக் கேட்டபோது நழுவிய றகர ரகர வேறுபாடுகள், இப்போது தாழ்ந்த ஒலியிலேயே தெளிவாகப் பிடிபடுகின்றன. அடுத்த ஆண்டும் செவிச்சோதனைக்குச் செல்வேன். இடக்காதின் கோடு மேலும் இறங்காமல் இருந்தால், கொடுத்த விலைக்கு அதுவே பெரிய வரவு.

கருவி பழுதானால் கடையில் வேறொன்று கிடைக்கும். செவிக்கு அப்படியொரு கடை இல்லை. இன்றே உங்கள் கைத்தொலைபேசியில் ஒலியெல்லையை அமைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். வகுப்பிலும் வீட்டிலும் இதனைப் பிள்ளைகளோடு பேசுங்கள். உங்கள் பட்டறிவையும் எழுதுங்கள், கற்றுக்கொள்வேன்.